ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று பெட்டிகள்

மாதிரிப் பாடங்கள் மூன்று பெட்டிகளில் வந்து இறங்கிய அன்று அப்பாவுக்கு ஒரு வரிகூட வேலை ஓடவில்லை.

வேலை என்றால், படங்களுக்கு வசன வரி எழுதுவது. யாரோ எந்த மொழியிலோ பேசி நடித்த படத்துக்குத் திரையின் அடியில் ஓடும் இரண்டு வரிகளை நம் மொழியில் எழுதிக் கொடுப்பார். வீட்டின் பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உலகமே கேட்காது. அம்மாவின் வேலை அதற்கு நேர்மாறு. நகரத்துக்கு அடியில் ஓடும் மெட்ரோ ரயிலை ஓட்டுகிறவள் அவள். ஒரு வாரம் விடியலில் கிளம்புவாள், அடுத்த வாரம் மதியத்தில். ஓய்வு நாள் செவ்வாயில் வரும், வியாழனில் வரும், ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வரவே வராது.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் வீட்டில் இருக்கும்போது அம்மா தூங்குவாள். அவள் விழித்திருக்கும்போது அவர்கள் வகுப்பில் இருப்பார்கள். “நான் பெத்த பிள்ளைங்களை நானே போட்டோவிலதான் பார்க்கணும் போலிருக்கு” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அந்த வருடம் முடிந்ததும் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைத்தார்கள். எப்போதும் வீட்டில் இருக்கிறவர் அப்பா. ஆகவே வாத்தியாரும் அவரே.

நன்றாகத்தான் போயிற்று. குளிக்கும் தொட்டியில் தண்ணீரை அளந்து கனஅளவு படித்தார்கள். தலைப்பிரட்டைகளை வளர்த்தார்கள்; அவை தவளைகளாகித் துள்ளி சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டபோது அதையும் பாடமாக்கிக்கொண்டார்கள். அம்மாவுக்கு ஓய்வு செவ்வாயில் வந்தால் செவ்வாய்தான் ஞாயிறு.

மூத்தவளுக்கு வீட்டில் ‘வக்கீல்’ என்று பேர். பல் தேய்க்கச் சொன்னாலும் எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்பாள். அவளைவிட ஒன்றரை வயது சின்னவன் ‘ஆமை’. சாப்பாடு, குளியல், கணக்கு எதுவானாலும் நிதானம். ஆனால் தொட்டதை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டான். அந்தப் பேரை வைத்தவள் வக்கீல்தான். அவனுக்கு அதில் வருத்தமே இல்லை. “ஆமைக்கு ஓடு இருக்கு. நீ என்ன சொன்னாலும் உள்ள வராது” என்பான்.

வக்கீல் இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஆமை அவளுக்கு ஒரு வகுப்புப் பின்னால். கொஞ்ச காலத்தில் இருவரும் தனித்தேர்வர்களாகப் போய் பொதுத்தேர்வு எழுத வேண்டும். தவளை வளர்த்தேன் என்றால் தேர்வு மண்டபத்தில் யாரும் மார்க் போட மாட்டார்கள். ஒழுங்கான ஒரு பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டிய கட்டம். அதற்காகத்தான் இந்தப் பெட்டிகள்.

பச்சைப் பெட்டியில் புத்தகமே இல்லை. எல்லாம் திரையில் ஓடும் பாடம். பளிச்சென்று பல் தெரியச் சிரிக்கும் ஓர் ஆசிரியர் நடத்துவார். கேள்வியும் திரையே கேட்கும், திருத்தவும் திரையே திருத்தும். பழுப்புப் பெட்டியைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். அத்தியாயம், பயிற்சி, தேர்வு, மறுபடி அத்தியாயம். மூன்றாவது வெள்ளைப் பெட்டி. அதில் மாணவர் புத்தகம் ஒல்லியாகவும், பெற்றோருக்கான கையேடு அதைவிட மும்மடங்கு தடிமனாகவும் இருந்தன. கையேட்டின் முதல் வரி: ‘நீங்களும் ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.’

அப்பா அதைப் படித்தார். மெல்ல மூடினார். பெட்டியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை அம்மா வீட்டில் இருந்தாள். சித்தியும் வந்திருந்தாள். அம்மாவின் தங்கை; பெரிய பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். வாரக் கணக்கில் தேங்கிய விடைத்தாள்களைப் பையில் சுமந்துகொண்டே திரிகிறவள். நாலு பேர் மேசையில் அவளுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு இடம் பண்ணினார்கள். தேநீரும் ரொட்டியும் வந்தன. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நான் பார்த்தவரைக்கும் பச்சைப் பெட்டிதான் சரி. காலத்துக்கு ஏத்தது. யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். அவங்கவங்க வேகத்துக்குப் படிச்சுக்கலாம்.”

“மூணையும் பார்த்தீங்களாப்பா?” என்றாள் வக்கீல்.

“பார்க்காம சொல்வேனா?”

“வெள்ளைப் பெட்டியோட மாணவர் புத்தகத்துக்கு இன்னும் பிளாஸ்டிக் உறையே பிரிக்கலையே.”

அப்பா ரொட்டியை எடுத்துக் கடித்தார். வாயில் ரொட்டி இருக்கும்போது பதில் சொல்ல வேண்டியதில்லை.

“அத்தான் சொல்றது இருக்கட்டும்,” என்றாள் சித்தி. “எனக்கு வேற ஒரு கவலை. இவ ஒன்பதாவது, அவன் எட்டாவது. ரெண்டு பேரையும் ஒரே மேசையில ஒரே புத்தகத்தோட உட்கார வச்சது சின்ன வயசுல சரி. இனிமே அவளுக்கு அவ வகுப்பு, அவனுக்கு அவன் வகுப்புன்னு பிரிச்சுடறதுதான் நல்லது.”

“அதைத்தான் நானும் சொல்றேன்!” என்று வக்கீல் மேசையைத் தட்டினாள். “எனக்குத் தனிப் பாடம், தனி மேசை வேணும். முடிஞ்சா தனி அறையும்.”

“தனி அறைக்கு வீட்டை ரப்பர் மாதிரி இழுக்கணும்டி,” என்றாள் அம்மா.

ஆமை யாரையும் பார்க்கவில்லை. ரொட்டியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் கடித்து அதை வட்டமாக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அக்காவோடு உட்கார்ந்து படிப்பது பிடிக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும். இவளுக்கு ஏன் திடீரென்று பிடிக்காமல் போயிற்று என்பதுதான் தெரியவில்லை. வயசுக் கோளாறு, பெரிய மனுஷி ஆகிவிட்ட திமிர் என்று நினைத்துக்கொண்டார்.

“சரி, பெட்டிக்கு ரெண்டு நாள் வச்சு பிள்ளைங்களுக்கு நடத்திப் பாருங்களேன்,” என்றாள் சித்தி.

அங்கேதான் வக்கீல் எழுந்து நின்றாள். நின்றாள் என்றால் வழக்கு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

“ஆட்சேபணை. நாங்க எப்பவும்தான் படிக்கறோம். எந்தப் பெட்டி வந்தாலும் எப்படியோ படிச்சுடுவோம். ஆனா கூட உட்காரப்போறது நீங்க ரெண்டு பேரும். அதனால நீங்க படிச்சுப் பாருங்க. நானும் ஆமையும் டீச்சர். நீங்க ரெண்டு பேரும் மாணவர்கள். எதுல நீங்க உருப்படறீங்களோ, அதை வாங்கலாம்.”

சித்திக்குத் தேநீர் புரைக்கேறியது. அம்மா கைகொட்டிச் சிரித்தாள். “எனக்கு ஒரு வாரம் லீவு பாக்கி இருக்கு. போன முறை லீவு போட்டு வீட்டுக்கு ஒட்டடை அடிச்சேன். இந்தத் தடவை பள்ளிக்கூடம் போறேன்!”

அப்பா மட்டும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “எனக்கு ஒரு அவசரப் படம் இருக்கே…” என்று இழுத்தார்.

“லீவு லெட்டர் எழுதிக் கொடுங்க, பரிசீலிக்கிறோம்,” என்றான் ஆமை.

அடுத்த வாரம் வகுப்பு ஆரம்பமாயிற்று. வக்கீல் கண்ணாடியே போடாதவள். அன்றைக்கு அம்மாவின் வெயில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆமை சட்டையை உள்ளே விட்டு, ஈரக் கையால் தலையைப் படிய வாரியிருந்தான்.

முதலில் பழுப்புப் பெட்டி. அதில் வரலாற்றுப் பாடம் வக்கீலுடையது. புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த ராஜாக்களையும் கலகக்காரர்களையும் எழுப்பிக் கூட்டிவந்து சண்டை போடவிட்டாள். கட்டுரை எப்படித் தொடங்க வேண்டும், எதிராளியின் வாதத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, எழுத்தையே தொழிலாகக் கொண்ட அப்பா வாயைப் பிளந்து கேட்டார். ஆனால் அடுத்த பாடத்துக்குப் போனதும் புத்தகம் தன் புத்தியைக் காட்டியது. பயிற்சிக்கு மேல் பயிற்சி. அம்மாவின் தலை மெல்ல மெல்ல மேசையை நோக்கி இறங்கியது.

“கடைசி பெஞ்ச்!” என்று அதட்டினான் ஆமை.

“தூங்கலை டீச்சர், கண்ணை மூடி யோசிச்சேன்.”

“குறட்டை விட்டா யோசிச்சீங்க?”

அம்மா மோசமான மாணவி. பக்கத்தில் இருக்கிறவரிடம் பேச்சுக் கொடுப்பாள். தண்ணீர் குடிக்கப் போனால் திரும்பி வர மாட்டாள். தேடிப்போனால் ஜன்னலில் நின்று எதிர்வீட்டு நாயோடு பேசிக்கொண்டிருப்பாள். ஒருமுறை அவளை வெளியே நிற்கவைத்தார்கள். வராந்தாவில் நின்றபடியே பாட்டுப் பாடி உள்ளே இருந்தவர்களின் பாடத்தைக் கெடுத்தாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அப்புறம் பச்சைப் பெட்டி. அப்பாவுக்கு உயிர் வந்தது. திரையில் பல்லழகர் வந்தார், சிரித்தார், அல்ஜீப்ரா நடத்தினார். கேள்விகள் வந்தன. அப்பா தட்டத் தட்டப் பச்சை டிக் விழுந்தது. முழு மார்க். ‘அருமை! நீங்கள் ஒரு நட்சத்திரம்!’ என்று திரையெல்லாம் காகிதத் துணுக்குகள் பறந்தன. அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“இந்த அஞ்சாவது கணக்கு எப்படி வந்துச்சுப்பா?” என்று ஆமை நிதானமாகக் கேட்டான். கிண்டல் இல்லை, அவனுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“எப்படின்னா… நாலு விடை கொடுத்திருந்தாங்க. மூணைப் பார்த்தா அசடு மாதிரி இருந்துச்சு. மிச்சம் இருந்ததைத் தட்டினேன்.”

அம்மா மேசையில் முகம் புதைத்துக் குலுங்கினாள். ஆமைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்க இவ்வளவு வசதியான இடத்தை அவள் விட்டுக்கொடுத்ததே கிடையாது. அப்பா அதைக் கவனித்தார். என்னவென்று பிடிபடவில்லை.

வெள்ளைப் பெட்டியின் முறை வந்த காலையில் நல்ல மழை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பெட்டியில் பாடம் என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு கேள்வி இருக்கும். எல்லோரும் சேர்ந்து பேசிப் பேசித்தான் அதற்குள் போக வேண்டும். விடை தெரிந்தாலும் டீச்சர் உடைத்துவிடக் கூடாது. காலையில் ஒரு பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று ஆரம்பித்து, சமையலறையில் இருந்த எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுப் பார்த்து, தரை முழுக்க ஈரமாகி, அம்மா ஒருமுறை வழுக்கி விழப் பார்த்தாள்.

பிறகு அல்ஜீப்ரா. அது வக்கீலின் முறை.

அவள் புத்தகத்தைத் திறந்தாள். கேள்வியைப் படித்தாள். “ஒரு அப்பாவின் வயது மகனின் வயதைப்போல நான்கு மடங்கு. இன்னும் ஆறு வருஷம் கழித்து மூன்று மடங்காக இருக்கும். இருவருக்கும் இப்போது என்ன வயது?” படித்துவிட்டு ஆமையின் பக்கம் தள்ளினாள். “இதை நீ நடத்து. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

காலையிலிருந்து பனிக்கட்டிக்காக ஊரே கேட்கும்படி வாதாடிய தொண்டை அது.

அப்பாவுக்குச் சுரீர் என்றது. இந்தத் தந்திரம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவரே பழக்கத்தில் வைத்திருப்பது. கடந்த சில மாதங்களாகக் கணக்குப் புத்தகத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து வந்த நாளெல்லாம் அவருக்கு அவசரப் படம் ஒன்று வந்துவிடும். “நீங்களே போட்டுப் பாருங்க, கடைசிப் பக்கத்துல விடை இருக்கு” என்று பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பச்சைப் பெட்டியின் மேல் அவருக்கு வந்த காதலும் அதனால்தான். பல்லழகர் வந்துவிட்டால் அவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வக்கீலும் அதே பக்கத்துக்குப் பயந்துதான் தனி மேசை கேட்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து தம்பி அமைதியாகப் போட்டுவிடுகிற கணக்கைத் தன்னால் போட முடியவில்லை என்பதை யார் பார்ப்பதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. திமிர் என்று நினைத்தோமே என்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

அவர் கையைத் தூக்கினார். மாணவர் கையைத் தூக்கித்தானே பேச வேண்டும்.

“டீச்சர், எனக்கு இது புரியலை.”

“இனிமேதானேப்பா ஆரம்பிக்கப்போறோம்,” என்றான் ஆமை.

“இல்லைடா. இந்தக் கணக்கு மட்டும் இல்லை. இந்த எக்ஸ், ஒய் வந்ததிலேர்ந்தே எனக்குப் புரியலை. உங்ககிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதனாலதான் படம் இருக்கு படம் இருக்குன்னு ஓடிட்டேன். பச்சைப் பெட்டி வேணும்னு சொன்னதும் அதுக்குத்தான்.”

அம்மாவும் கையைத் தூக்கினாள். “எனக்கும்தான் புரியலை. யாராவது முதல்ல சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

வக்கீல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் இருந்த வெயில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்து, சுற்றிக்கொண்டு வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“எனக்கும் புரியலை,” என்றாள் மெதுவாக. எந்த வாதமும் சேர்க்காமல் அவள் சொன்ன வாக்கியத்தை அவர் அன்றுதான் கேட்டார்.

இப்போது மூன்று மாணவர்கள், ஒரே டீச்சர். ஆமை பென்சிலைச் சீவினான். சீவி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்; அவனை அவசரப்படுத்திப் பயன் இல்லை.

“எக்ஸைப் பார்த்து ஏன் பயப்படறீங்க? அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை. அந்தப் பையனோட வயசு நமக்குத் தெரியலை. தெரியறவரைக்கும் கூப்பிட ஒரு பேர் வேணுமில்ல? அதுக்காகச் சும்மா வச்சிருக்கோம்.”

அப்பாவின் தலைக்குள் எதுவோ நகர்ந்தது. “இரு, இரு. சில படத்துல ஆள் திரைக்கு வர்றதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சுடுவான். யாருன்னே தெரியாது. அப்போ நான் ‘ஆண் குரல்’னு போட்டுட்டு மேல எழுதிக்கிட்டே போவேன். அப்புறம் ஆள் யாருன்னு தெரிஞ்சதும் எல்லா இடத்திலும் பேரை மாத்திடுவேன்.”

“அதேதான்ப்பா.”

“அப்போ எக்ஸுங்கறது ‘ஆண் குரல்’!”

“பையன் குரல்,” என்று திருத்தினாள் வக்கீல். அவள் கண் விரிந்திருந்தது. காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “பையன் குரலோட வயசு எக்ஸ். அப்பா நாலு எக்ஸ். ஆறு வருஷம் கழிச்சு ரெண்டு பேருக்கும் ஆறு ஆறு கூடும். அப்பாவுக்கு மட்டும் கூடிப் பையனுக்குக் கூடாம இருக்காது. நான் இத்தனை நாள் அப்பாவுக்கு மட்டும்தான் கூட்டிக்கிட்டிருந்தேன்!”

பென்சில் ஓடியது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. ஆமை வாயைத் திறந்தான். விடையை உடைக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பென்சில் மறுபடி ஓடியது.

“எக்ஸ் பன்னிரண்டு! பையனுக்குப் பன்னிரண்டு, அப்பாவுக்கு நாப்பத்தெட்டு. ஆறு வருஷம் கழிச்சுப் பதினெட்டு, ஐம்பத்திநாலு. மூணு மடங்கு! சரியா வருது!”

“அந்த அப்பா நான் இல்லைன்னு எழுதிடு,” என்றார் அப்பா. “நான் இன்னும் நாப்பத்தஞ்சைத் தாண்டலை.”

அந்தக் கணக்கோடு விடவில்லை. அடுத்ததைப் போட்டார்கள், அதற்கடுத்ததையும் போட்டார்கள். ஒவ்வொரு தெரியாத எண்ணுக்கும் ஒரு குரல் கொடுத்தார்கள். ஒரு மாட்டுக் கணக்குக்கு அம்மா மாடு மாதிரியே கத்தினாள். மதியச் சாப்பாடு என்று ஒன்று இருப்பதே அப்பாவுக்கு மறந்துபோயிற்று. ஒரு சமன்பாட்டைத் தன்னந்தனியாகப் போட்டு முடித்து அவர் நிமிர்ந்தபோது, வயிறு கபகபவென்று எரிந்துகொண்டிருந்தது. முகத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

அந்த வாரக் கடைசியில் சித்தி வந்தபோது முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் அவள் விடவில்லை. பொதுத்தேர்வுக்கு என்னென்ன வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. வெள்ளைப் பெட்டியை வரி வரியாகப் புரட்டிப் பார்த்தாள். அதற்கு அரைமணி நேரம் ஆயிற்று.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் கடைசியில். “நல்லா யோசிக்க வைக்குது. ஆனா கை பழகறதுக்கு இது போதாது. தேர்வுல மணி அடிச்சுடுவாங்க. அங்க உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்க முடியாது. கணக்கும் அறிவியலும் இதுல படிக்கட்டும். பயிற்சிக்குப் பழுப்புப் பெட்டியை வச்சுக்கோங்க. சனிக்கிழமை நான் வந்து போடச் சொல்றேன். இவன் அக்காவோட ஒன்பதாவது கணக்கே போடலாம். இவனைக் கட்டிப்போடறதுல அர்த்தம் இல்லை.”

“வரலாறும் மொழியும்?” என்றார் அப்பா.

“அதுல இவளைக் கட்டிப்போடறதுல அர்த்தம் இல்லை,” என்றாள் சித்தி, வரலாற்று வகுப்பில் வக்கீல் மாதிரிக்கு எழுதிய கட்டுரையை ஆட்டிக் காட்டி. “என் பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க இப்படி எழுதினா நான் ஏன் இவ்வளவு பேப்பரைச் சுமந்துக்கிட்டு அலையறேன்? அவளே புத்தகம் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். தம்பிக்கும் அவளே நடத்தட்டும்.”

“அப்போ தனி மேசை?” என்று அம்மா மகளைப் பார்த்தாள்.

வக்கீல் யோசித்தாள். “ஒரே மேசை. ஆனா ஒரு நிபந்தனை. நான் தப்புப் பண்ணினா இவன் சிரிக்கக் கூடாது.”

“நான் எப்போ சிரிச்சேன்?” என்றான் ஆமை.

“சிரிக்காம பார்ப்பே. அதுதான் இன்னும் மோசம்.”

“அப்போ சிரிக்கட்டுமா?”

“ம்… கொஞ்சமா சிரி.”

ஆமை அதை ஒத்துக்கொண்டான். வட்டமாகக் கடிக்காத முழு ரொட்டி ஒன்றை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தான்.

பச்சைப் பெட்டியை அப்பாதான் டேப் ஒட்டித் திருப்பி அனுப்பினார். பிரிய மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பல்லழகர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

புதுப் புத்தகங்கள் முழுசாக வந்து சேர்ந்து, பாடம் ஆரம்பித்த திங்கட்கிழமை அம்மாவுக்கு மதிய வேலை. அவளும் மேசையில் உட்கார்ந்தாள். சமையலறையில் குழாய் ரிப்பேர்காரர் தொட்டிக்கு அடியில் தலையை விட்டிருந்தார். முதல் கேள்வி: ‘ஒரு விருந்தில் எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை கைகுலுக்கினார்கள். மொத்தம் அறுபத்தாறு கைகுலுக்கல். எத்தனை பேர் வந்திருந்தார்கள்?’ பெற்றோர் கையேட்டில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது: ‘எழுந்து கைகுலுக்கிப் பாருங்கள்.’

எழுந்தார்கள். இரண்டு பேருக்கு ஒன்று. மூன்று பேருக்கு மூன்று. நாலு பேருக்கு ஆறு. வீட்டில் ஆள் தீர்ந்துபோயிற்று. அப்பா சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“கொஞ்சம் வந்து எங்களுக்குக் கை கொடுக்கறீங்களா?”

ரிப்பேர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பானரோடு வந்தார். “எதைத் தூக்கணும்?” என்றார். எதையும் தூக்க வேண்டாம், குலுக்கினால் போதும் என்று தெரிந்ததும், கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஒவ்வொருவரிடமும் போய் மரியாதையாகக் குலுக்கினார். பத்து.

“அறுபத்தாறுக்கு இன்னும் எத்தனை பேர் வேணும்?” என்று கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்த அம்மா அலறினாள். “ஐயோ, என் வண்டி!” பையை ஒரு கையிலும் தொப்பியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். ஓடும்போதே, “விடையை எனக்குச் சொல்லிடாதீங்க!” என்று கத்தியது கீழ்த்தளம்வரை கேட்டது.

மேசையில் அமளி. ஆமை புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தான். அப்பா எக்ஸ் போட்டுப் பார்த்துச் சிக்கலில் மாட்டிக்கொண்டார். வக்கீல் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சட்டென்று நின்றாள்.

“குழாய் அண்ணா உள்ள வந்தப்போ நமக்குள்ள மறுபடியும் குலுக்கிக்கலையே! அவர் மட்டும் நாலு பேருக்குக் குலுக்கினார். ஆறும் நாலும் பத்து. ஆறாவதா ஒருத்தர் வந்தா அஞ்சு பேருக்குக் குலுக்குவார். பதினஞ்சு!”

ஆமை பென்சிலைக் கீழே வைத்தான். “எனக்கு இது தோணவே இல்லைக்கா,” என்றான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு மூவரும் சேர்ந்து கூட்டிக்கொண்டே போனார்கள். பன்னிரண்டாவது ஆளில் அறுபத்தாறு வந்து விழுந்தபோது சமையலறையிலிருந்து, “வந்துடுச்சா?” என்று குரல் கேட்டது.

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. அம்மா. பின்னால் ஒரே கூச்சல்.

“பன்னிரண்டு பேரா?”

“பன்னிரண்டேதான்!” என்று மூவரும் கத்தினார்கள்.

“ஒரு நிமிஷம்,” என்று வக்கீல் போனை வாங்கிக்கொண்டாள். “வண்டி ஓட்டிக்கிட்டே யோசிச்சியாம்மா?”

“சீச்சீ! ஓய்வறையில உட்கார்ந்துதான். இங்க இருந்த டிரைவர், கார்டு எல்லாரையும் பிடிச்சு நிறுத்திக் குலுக்க வச்சேன். ஏழு பேருக்கு இருபத்தொண்ணு வந்துச்சு. அதுக்கு மேல ஆள் இல்லை, பேப்பர்ல போட்டேன். அதிகாரி வந்து என்ன விசேஷம், யாருக்குப் பிறந்தநாள்னு கேட்கறார்!”

அங்கே யாரோ போனைப் பிடுங்குவது கேட்டது. கரகரத்த ஒரு ஆண் குரல் வந்தது, யாரென்று தெரியவில்லை.

“சார், உங்க வீட்டுல நாளைக்கு என்ன கணக்கு?”

அப்பா கையேட்டை எடுத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.